முதுகுக்காரர்கள்

கோபத்தோடு கதை சொல்லக் கூடாது என்பார்கள். ஆறப்போட்டுச் சொல்ல இது பழைய சோறு இல்லை, ஆகவே சுடச்சுடக் கேளுங்கள். உப்போடைக் கண்மாய்க் கரையில், ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஏழேகால் மணிக்கு, மீன் வெட்டும் பெண்கள் முப்பத்தொரு பேரும் அரிவாள்மனைகளைக் கழுவிப் போட்டு உட்கார்ந்து, முதல் கூடை கெண்டை வந்து இறங்கி, தேய்க்கிற சாம்பல் சட்டியில் நிரம்பி, மஞ்சள் பையோடு வந்த முதல் வாடிக்கைக்காரர் மீன் தலையை வெட்டிப் போடச் சொல்லவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், முதுகு மட்டுமே உள்ள மனிதர்கள் நாற்பத்து நான்கு பேர் அங்கே வந்து நின்றார்கள். சிவப்புப் பலூனைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, காதில் ஒயரைச் செருகிக்கொண்டு ஒற்றைக் காலில் ஓடுகிற பாவனையில் நின்ற ஒருவன், தோளில் பிள்ளையை ஏற்றியிருந்த தகப்பன், கைகோத்த கிழவனும் கிழவியும், நாயைக் கயிற்றில் பிடித்தவன், சைக்கிளில் சாய்ந்தவன் என்று எல்லோரும் கண்மாய்த் தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்கள், நாயும் தண்ணீரைத்தான் பார்த்தது.

கரையின் கடைசி இடத்தில் உட்காரும் மூக்கம்மாதான் முதலில் எழுந்து போய்ப் பலூன்காரியை மூன்று தரம் சுற்றி வந்தாள். கிழக்கே போனாலும் முதுகு, மேற்கே போனாலும் முதுகு, தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி நேர் எதிரே நின்று பார்த்தாலும் அதே முதுகு, அதே செம்பட்டைத் தலைமுடி.

"ஏ சீனி, இவளுக்கு மூஞ்சியே இல்லடி. சுத்திச் சுத்தி வந்தாலும் பின்னாந்தலைதான் தெரியுது."

"இருந்துட்டுப் போறா. நீ வந்து செதிலச் சீவு, ஆளு நிக்கிறாக," என்றாள் சீனியம்மா, கையிலிருந்த கட்லாவை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

அவர்களை அனுப்பியது யார் என்பது கரையில் யாருக்கும் தெரியாது, சீனியம்மாவின் மகள் அரியநாச்சிக்கு மட்டும் தெரியும். அவள் நகரத்தின் மறுகோடியில் இருந்த பல்கலைக்கழகத்தில் நிலவமைப்புத் திட்டமிடல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள், படிப்பில் கெட்டிக்காரி. ஒரு நிலத்தைக் காட்டினால் மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கி எங்கே தேங்கும் என்பதை ஐந்து கோட்டில் போட்டுக் காட்டிவிடுவாள். மண்ணுக்கு ஒரு ஷீட், சரிவுக்கு ஒரு ஷீட், தண்ணீருக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, பறவைக்கு ஒன்று என்று வரைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, எது எங்கே இருக்கலாம், எது எங்கே இருக்கக் கூடாது என்று முடிவு செய்வதுதான் அந்தப் படிப்பு. அந்த அடுக்கில் ஆளுக்கென்று ஒரு ஷீட் கிடையாது. ஆட்கள் கடைசியில், அச்சடிப்பதற்கு முந்திய ராத்திரியில், ஒரு ஃபோல்டரிலிருந்து வருவார்கள்.

அந்த ஃபோல்டர் சீனியர்களிடமிருந்து ஜூனியர்களுக்குப் பரம்பரைச் சொத்துபோல வந்துகொண்டிருந்தது. எந்த நாட்டிலோ எவனோ எடுத்த படங்களிலிருந்து கத்தரித்த மனிதர்கள் அதில் நிறைந்திருந்தார்கள், பாதிப் பேருக்குமேல் முதுகைக் காட்டிக்கொண்டு. படத்தைப் பார்க்கிறவர்களும் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் படத்தில் நிற்கிறவன் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் படிப்பின் எழுதாத விதி. கொடைக்கானல் ஏரிக்கும் அதே பலூன்காரி, குப்பைக் கிடங்கை மூடிப் பூங்காவாக்கும் திட்டத்துக்கும் அதே பலூன்காரி, சுடுகாட்டுச் சுற்றுச்சுவர்த் திட்டத்தில்கூட ஒரு வருடம் அவள் பலூனோடு நின்றிருக்கிறாள், அதற்கும் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கிறது.

அந்தப் பருவத்தில் நகராட்சி கேட்டுக்கொண்டதால் துறையே எடுத்து நடத்திய திட்டம், உப்போடைக் கண்மாய்க் கரையை அழகுபடுத்துவது. ஆறு மாணவர்கள் சேர்ந்து கரையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். அதில் காட்சிக்கு இடையூறானவை என்ற தலைப்பின்கீழ் மீன் கழிவு, துர்நாற்றம், ஒழுங்கற்ற வியாபாரம் என்று மூன்று வரி இருந்தது. அந்த ஒழுங்கற்ற வியாபாரம் என் அம்மா என்று அரியநாச்சி சொல்லவில்லை. அந்த வியாபாரம் செதில் சீவிச் சீவித்தான் தன்னை இந்த மேசைவரை கொண்டுவந்து உட்காரவைத்தது என்றும் சொல்லவில்லை. ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுச் சேமித்தாள். ஊராரைத் திட்டும்போது இவளை மட்டும் விட்டுவிட நான் என்ன இவளுக்குத் தாய்மாமனா?

ஆனால் பெரிய காட்சிப்படத்தை அவள் கையால் வரைந்தபோது, அரிவாள்மனைப் பலகையில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்த முப்பத்தொரு பெண்களையும் வரைந்திருந்தாள், நடுவில் அவள் அம்மா. பேராசிரியர் தயாபரன் அதைப் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக நிலத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர், சேறு ஒட்டாத செருப்பு போட்டவர்.

"என்ன அரியநாச்சி, சந்தைக்கடையா இது? நாம பண்றது லேக்ஃப்ரன்ட். ஆளில்லாத இடம் செத்த இடம், அதை நான்தான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன், ஆனா ஆள்னா இந்த ஆள் இல்ல. ஃபோல்டர்ல இருந்து எடுத்துப் போடு."

"சார், ஃபோல்டர்ல சேலை கட்டின ஆளே இல்ல சார்."

"இல்லன்னா விட்டுடு. பொதுவான மனுசங்க போதும்."

அவள் அழித்தாள். முப்பத்தொரு பெண்களை அழிக்க நான்கு நிமிடம் ஆனது, அம்மாவை அழிக்கவும் மற்றவர்களை அழித்த அதே நேரம்தான் ஆனது. அந்த இடத்தில் நாற்பத்து நான்கு பேரை ஒட்டினாள், வாசலில் விட்ட செருப்புகளைப்போல ஒரே பக்கம் திருப்பி. ஷீட்டின் வலது மூலைப் பெட்டியில் தயாபரன் பெயரும் துறையின் பெயரும் மட்டும் இருந்தன, மாணவர் பெயர் போடுகிற வழக்கம் இல்லை. புதன்கிழமை ஆளுயரத்துக்கு அச்சடித்து நகராட்சிக்குப் போயிற்று. வியாழக்கிழமை காலை அவர்கள் கரைக்கு வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் போகவில்லை. முதல் இரண்டு நாள் கரைப் பெண்கள் கடுப்பில் கிடந்தார்கள், ஏனென்றால் வாங்காத ஆள் கடைக்கு முன்னால் நின்றால் வாங்குகிற ஆள் எப்படிக் கிட்டே வருவான். நகரச் சொன்னார்கள், அதட்டினார்கள், மீன் கழுவிய தண்ணீரைக் காலில் ஊற்றினார்கள், ஒருத்தரும் அசையவில்லை. மூன்றாம் நாள் மழை பிடித்தது. மூக்கம்மா தார்ப்பாயின் ஒரு முனையைத் தோளில் பிள்ளை வைத்திருந்த தகப்பனிடமும் மறுமுனையைச் சைக்கிள்காரனிடமும் கட்டினாள், அது சும்மா ஜம்மென்று நின்றது. அதற்குப் பிறகு கரையில் நட்ட கம்பங்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஓட்டக்காரனின் மடக்கிய முழங்கையில் தராசு தொங்கியது, கிழவனும் கிழவியும் கோத்திருந்த கைகளுக்குமேல் ஈரத்துணி காய்ந்தது, நாய் பிடித்தவனின் கயிற்றில் ஆட்டுக்குட்டியைக் கட்டினார்கள், நாய் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முகத்தைக் கண்டுபிடிப்பதாகப் பந்தயம் கட்டித் தோற்றார்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அவர்களுக்கும் ஒரு சுற்றுக் காட்டினார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

பல்கலைக்கழகம் அவர்களை ஏற்றுக்கொண்ட விதம்தான் என் வயிறு எரிகிற இடம். தயாபரன் வகுப்பையே பேருந்தில் ஏற்றிக் கரைக்குக் கூட்டிவந்து, தார்ப்பாய்களை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, பார்த்தீர்களா, நல்ல திட்டம் கட்டுவதற்கு முன்பே தன் மக்களைத் தானே வரவழைத்துக்கொள்ளும் என்று அரைமணி நேரம் பேசினார். மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் காலை மடக்கி வழி விட்டார்கள், அவர்களில் ஒருவரையும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பதினெட்டுக் கேள்வி கொண்ட படிவத்தை நிரப்புவதற்காக மாணவர்கள் முதுகுக்காரர்கள் முன்னால் போய் நின்றார்கள், முன்னால் என்று ஒன்று இல்லாததால் பின்னால் நின்றார்கள், இந்த இடம் உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா என்று கேட்டார்கள்.

"சார், பதில் சொல்ல மாட்டேங்கறாங்க," என்றான் ஒரு பையன்.

"மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. திருப்தின்னு டிக் பண்ணு," என்றார் தயாபரன்.

நூற்றுக்கு நூறு திருப்தி என்று அறிக்கை போயிற்று. அந்தப் படத்துக்குத் துறையிலேயே அதிக மதிப்பெண் வந்தது. நகராட்சி நடைபாதைக்கும் புல்தரைக்கும் நாள் குறித்து, கரையைக் காலி செய்வதற்கு முன்னால் சட்டப்படி நடத்த வேண்டிய கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் ஒட்டியது. ஒட்ட வேறு இடம் கிடைக்காமல் பலூன்காரியின் முதுகிலேயே ஒட்டியது.

நோட்டீஸை உரித்து வீட்டுக்குக் கொண்டுவந்த சீனியம்மா அதை மகளிடம் வாசிக்கச் சொன்னாள். அரியநாச்சி வாசித்தாள். வாசித்த குரலிலேயே மீதியையும் சொல்லிவிட்டாள், ஃபோல்டரைப் பற்றி, ஒட்டியதைப் பற்றி, எல்லாவற்றையும். சீனியம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அம்மாவோ முழங்கையில் ஒட்டியிருந்த செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அவுகளக் கரைமேல வச்ச. சரி. எங்கள எங்கடி வச்ச?"

"அழிச்சிட்டேம்மா."

"என்னையவுமா?"

அரியநாச்சி தலையாட்டினாள்.

"அம்புட்டுப் படிப்பு படிச்சு இத்தத்தண்டி கண்மாய வரஞ்சிருக்க, அதுல ஒரு பலகை போட எடமில்லாமப் போச்சா ஒனக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய் உலைக்கு அரிசி களைந்தாள். அன்றும் மறுநாளும் அவள் மகளோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளில் அரியநாச்சிக்குள் வெட்கம் மெல்ல மெல்லக் கோபமாக முறுகியது, முதலில் தன்மேல், பிறகு அம்மாக்களை அழிக்கச் சொன்ன வாயின்மேல், பிறகு முகமில்லாத அந்த நாற்பத்து நான்கு பேர்மேல். முகம் இருந்தால் காறியாவது துப்பலாம், முதுகோடு எப்படிச் சண்டை போடுவது?

கூட்டம் காலை பதினொரு மணிக்குச் சமுதாயக் கூடத்தில். மேடையில் நகராட்சியின் திட்ட அதிகாரி, பக்கத்தில் தயாபரன், ஒரு ஓரத்து மேசையில் குறிப்பெழுதும் எழுத்தர். ஆளுயரப் படத்தைத் தாங்கியில் நிறுத்தி, சுட்டிக்காட்டும் கோலோடு அரியநாச்சியை அதன் அருகே நிற்க வைத்திருந்தார்கள். வேலையிலிருந்து நேரே வந்த பெண்களின் கூடைகளை வாசலுக்கு வெளியே வைக்கச் சொன்னார் அதிகாரி, வாடை வருகிறதாம். எப்படி என்று யாருக்கும் தெரியாமலே முதுகுக்காரர்களும் வந்திருந்தார்கள். நின்ற நிலை கலையாமல் கூடத்தின் வலது பாதியை அடைத்து நின்றார்கள், இப்போது தண்ணீருக்குப் பதிலாக எதைப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை, எப்படிப் பார்த்தாலும் முதுகு.

"திட்டத்தை எதிர்க்கிறவங்க கை தூக்குங்க," என்றார் அதிகாரி.

முப்பத்தொரு கை எழுந்தது.

"உங்க வீடெல்லாம் கரையிலயா இருக்கு?"

"வீடு தெருவுக்குள்ள இருக்குங்கய்யா. பொழப்புத்தான் கரையில," என்றாள் சீனியம்மா.

"அப்ப நீங்க கரைவாசிங்க கிடையாது. வந்துட்டுப் போறவங்க. சொன்னதைக் குறிப்புல எழுதிக்கறோம், எண்ணிக்கையில சேராது. இவங்க இருபத்துநாலு மணி நேரமும் கரையிலயே நிக்கறவங்க, இவங்கதான் கரைவாசிங்க." அவர் வலது பக்கம் திரும்பினார். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க."

யாரும் எதையும் தூக்கவில்லை. பலூன்காரியின் கை ஏற்கெனவே தலைக்கு மேல் இருந்தது, பலூனுக்காக. அதிகாரி அதை ஒன்று என்றார். பிள்ளையின் காலைப் பிடிக்கத் தகப்பன் உயர்த்தியிருந்த கைகளை இரண்டு என்றார். ஓட்டக்காரனின் மடக்கிய முழங்கை மூன்று. கிழவனும் கிழவியும் கோத்த கையைத் தூக்கியதாகவே கொள்ளலாம் என்றார், நான்கு, ஐந்து. சைக்கிள் கைப்பிடியில் இருந்த கையை விட்டாரா, சட்டைப்பைக்குள் இருந்த கையை விட்டாரா, எல்லாவற்றையும் எண்ணினார். நாற்பத்து நான்கு என்று எழுத்தர் எழுதினார்.

"சார், இவங்க நான் ஒட்டின ஆளுங்க," என்றாள் அரியநாச்சி. குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குப் பெரிதாக வந்தது. "நான் படத்துல ஒட்டினேன், அதனால வந்து நிக்கறாங்க. அந்த எடத்துல இருந்தது இந்த அம்மாங்க."

"ஒட்டினியோ கூட்டிட்டு வந்தியோ, இப்ப இருக்காங்கல்ல?" அதிகாரி படத்தின் மூலைப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். "இதுல உன் பேரே இல்லையேம்மா."

தயாபரன் எழுந்து அவள் காதருகே வந்தார். "வாயை மூடிட்டு நில்லு. இன்டர்னல் மார்க் என் கையில இருக்கு. இந்த ஷீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்த ஜென்மத்துல உனக்கு டிகிரி கிடையாது."

அவள் கூடத்தைப் பார்த்தாள். முப்பத்தொரு பெண்களும் கையை இறக்காமலே உட்கார்ந்திருந்தார்கள். எண்ணிக்கையில் சேராது என்று சொன்ன பிறகும் இறக்கவில்லை. மூக்கம்மா தூக்கிய கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டிருந்தாள். சீனியம்மாவின் மணிக்கட்டில் ஒரு செதில் மின்னியது. எண்ணாமல் விட்ட அந்தக் கைகளை அரியநாச்சி ஒன்று விடாமல் எண்ணினாள். கோலைக் கீழே போட்டாள், இரண்டு எட்டில் எழுத்தரின் மேசைக்குப் போய் அவர் கையிலிருந்த கறுப்பு மைப் பேனாவைப் பிடுங்கினாள், திரும்பி வந்து படத்தில் பலூன்காரியின் செம்பட்டைப் பின்னந்தலைமேல் ஒரு கண்ணை வரைந்தாள்.

"பேனாவைக் கீழ வை!" என்று பாய்ந்தார் தயாபரன்.

அவர் படத்தை எட்டவில்லை. யாரும் சொல்லாமலே முப்பத்தொரு பேரும் எழுந்து வந்து தாங்கியைச் சுற்றி வளையமாக நின்றார்கள், முகத்தை வெளிப்பக்கம் வைத்து, ஒரு கையை இன்னும் தூக்கியபடியே. அவர் எந்தப் பக்கம் போனாலும் ஒரு முகம் எதிரே வந்தது.

"தள்ளும்மா!"

"தொட்டுப் பாரு," என்றாள் மூக்கம்மா.

உள்ளே அரியநாச்சி இரண்டாவது கண்ணை வைத்தாள், மூக்கை இழுத்தாள், வாயைத் திறந்தாள். யாருடைய முகம் என்று அவள் யோசிக்கவில்லை. கூடத்தின் வலது பாதியில் பலூன்காரியின் பின்னந்தலை நின்ற இடத்தில் ஒரு முகம் வந்தது, கறுப்பு மையின் ஈரத்தோடு. முகம் வந்ததும் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது, மூக்கைத் தொடர்ந்து வயிறும். அவள் வாசல் பக்கம் திரும்பி மோந்தாள், பிறகு தனக்கு மிக அருகில் கை தூக்கி நின்ற பெண்ணைப் பார்த்தாள், அது சீனியம்மா.

"என்ன வாசம் இது? எனக்குப் பசிக்குதே," என்றாள், கரையில் பிறந்தவள்போல.

கரையில் உட்காருகிறவளுக்கு எந்த நேரத்திலும் யாவாரப் பதில் வாயில் இருக்கும். "வெரால்த்தா. உசுரோட இருக்கு, வெளியில கூடையில துள்ளுது. வெட்டிச் சுத்தம் பண்ணித் தாரேன்," என்றவள் ஒரு கணம் நிறுத்தி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கு மின்னாடி அந்தக் கைய எறக்கு."

பலூன்காரி அண்ணாந்து தன் கையை அப்போதுதான் பார்த்தாள். அது எதற்காக அங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது, இறக்கினாள். பலூன் நழுவி மேலே போய் மின்விசிறியில் பட்டு வெடித்தது. அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். எழுத்தர் பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்து நாற்பத்து நான்கை அடித்து நாற்பத்து மூன்று என்று எழுதினார்.

"போச்சு, உன் டிகிரி போச்சு!" என்று வளையத்துக்கு வெளியே குதித்தார் தயாபரன்.

"தெரியும் சார்," என்றாள் உள்ளேயிருந்து அரியநாச்சி. ஓட்டக்காரனுக்கு இடது கண் முடிந்து வலது கண்ணைத் தொடங்கியிருந்தாள்.